விருந்துக்குப் போன தூதும் வழக்குக்குப் போன சிலையும்

தென் கொரியாவின் மேற்குக் கடற்கரைப் பக்கம் சொசான் என்றோர் ஊர். அங்கே மலைச்சரிவில் புசொக்சா என்ற பௌத்தக் கோயில். 2025 ஜனவரிக் கடைசியில் அந்தக் கோயிலுக்கு ஒரு விருந்தாளி வந்தார். உயரம் ஐம்பதரை சென்டிமீட்டர். வெண்கலத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசிய அவலோகிதேசுவரர். ‘வந்தார்’ என்பதைவிட ‘திரும்பி வந்தார்’ என்பதே ஊர்க்காரர்களுக்குப் பிடித்த சொல். 1330-இல் அந்தக் கோயிலுக்காகவே வார்க்கப்பட்ட சிலை அது. அதைச் சொல்லும் ஏடு சிலையின் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. ஆனால், வந்த கையோடு புறப்படும் நாளும் குறிக்கப்பட்டுவிட்டது. நூறு நாள். அதுவும், ஜப்பானின் சுஷிமா தீவிலுள்ள கன்னோன்ஜி கோயில் இரவலாகக் கொடுத்த நூறு நாள்.

சொந்த வீட்டுக்கே இரவலாக வந்த இந்தக் கதைக்குப் பின்னால் ஒரு திருட்டும் நீண்ட வழக்கும் இருக்கின்றன. 2012 அக்டோபரில் கொரியத் திருட்டுக் கும்பல் ஒன்று சுஷிமாவுக்குப் போய்ச் சிலையைக் களவாடிக் கொரியாவுக்குக் கடத்தி வந்தது. சில மாதங்களில் திருடர்கள் பிடிபட்டார்கள்; சிலையும் கிடைத்தது. உரியவரிடம் ஒப்படைத்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ‘உரியவர் யார்?’ என்று புசொக்சா கேட்டது. பதினான்காம் நூற்றாண்டில் கொரியக் கரையோர ஊர்களைச் சூறையாடிய ஜப்பானியக் கடற்கொள்ளையர் கொண்டுபோன பொருள் இது, இதை ஏன் திருப்பித் தர வேண்டும் என்பது அதன் வாதம். 2017-இல் மாவட்ட நீதிமன்றம் புசொக்சாவின் பக்கம் நின்றது. மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. 2023 அக்டோபரில் கொரிய உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. சிலை எப்படிப் போயிருந்தாலும், கன்னோன்ஜி அதை இருபது ஆண்டுகளுக்கு மேல் வெளிப்படையாகத் தன் வசம் வைத்திருந்திருக்கிறது. ஜப்பானியச் சட்டப்படி அதற்கே பாத்தியதை. நம் ஊர் நிலத் தகராறுகளில் கேட்டுப் பழகிய அதே அனுபவ பாத்தியதைதான்.

தோற்ற கோயில், சிலையைக் கொஞ்ச நாள் வழிபட்டுவிட்டு அனுப்புகிறோம் என்று கேட்டது. வென்ற கோயில் சரி என்றது. புத்தர் பிறந்தநாளான மே 5 வரை சிலை சொசானில் இருந்தது. பக்தர்களும் பள்ளிப் பிள்ளைகளும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் மலையேறினார்கள். ஒரே ஒரு சிலை, ஒரே ஒரு கூடம், இரண்டு நாட்டுக் கோயில்களின் ஒப்பந்தம். அண்மை ஆண்டுகளில் கிழக்காசியாவில் நடந்த மிகச் சிறிய ‘பகிர்ந்த பண்பாட்டுக் கண்காட்சி’ இதுவாகத்தான் இருக்கும்.

பெரிய அளவிலான கண்காட்சிகளுக்குக் குறைவில்லை. அண்டை நாடுகள் தங்கள் பொது வரலாற்றைப் பெட்டிகளில் அடுக்கி, இந்தத் தலைநகரில் ஒரு மாதம், அந்தத் தலைநகரில் ஒரு மாதம் என்று காட்டுவது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. அமைச்சர்கள் நாடா வெட்டுகிறார்கள், குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள், ‘ஆயிரமாண்டு உறவு’ என்று பேசுகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே ஒட்டப்படும் நாலு வரி விளக்க அட்டையில்தான் சிக்கலே தொடங்குகிறது. ஒரு கரையில் ‘வெற்றி’ என்பது மறுகரையில் ‘கொள்ளை’. ஒருவரின் ‘பரிசு’ இன்னொருவரின் ‘கப்பம்’. அந்த நாலு வரியை இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதியதா, இல்லையா என்பதை வைத்தே இத்தகைய கண்காட்சியை எடைபோட வேண்டும். கொரியாவும் ஜப்பானும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வேலையில் தடுக்கி விழுந்தும் எழுந்தும் நடந்துகொண்டிருக்கின்றன. அந்த அனுபவம் கவனிக்கத்தக்கது.

போலிக் கடிதத்தில் தொடங்கிய நட்பு

கொரியாவின் புசான் துறைமுகத்திலிருந்து சுஷிமா சுமார் ஐம்பது கிலோமீட்டர். ஜப்பானின் பெருந்தீவுகளைவிடக் கொரியா அதற்குப் பக்கம். 1592-இல் ஜப்பானை ஆண்ட டொயோடோமி ஹிதெயோஷி கொரியாமீது படையெடுத்தபோது, படை போனது இந்தத் தீவு வழியாகத்தான். ஆறு ஆண்டு நடந்த அந்தப் போர் கொரியாவைச் சுடுகாடாக்கியது. பல்லாயிரக்கணக்கானவர்கள் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் குயவர்கள் ஏராளம். இன்று உலகப் புகழ்பெற்ற ஜப்பானின் அரித்தா பீங்கான், அப்படிக் கொண்டுபோகப்பட்ட கொரியக் குயவர்களின் கையிலிருந்து பிறந்தது. வெட்டிய தலைகளைச் சுமக்க முடியாமல் மூக்குகளை அறுத்து உப்பிலிட்டு அனுப்பினார்கள். அவற்றைப் புதைத்த மேடு கியோத்தோ நகரில் இப்போதும் இருக்கிறது. பெயர் மட்டும் ‘காது மேடு’.

இந்தப் பகைக்குப் பிறகு பத்தாண்டு முடிவதற்குள் இரண்டு நாடுகளும் தூது பரிமாறத் தொடங்கியது எப்படி? சுஷிமாவின் வயிற்றுப்பாட்டால். பாறையும் காடுமான அந்தத் தீவில் நெல் விளைய இடமில்லை. கொரிய வணிகம் இல்லாவிட்டால் பட்டினி. ஹிதெயோஷிக்குப் பின் ஆட்சிக்கு வந்த டொகுகவா இயெயாசு முதலில் கடிதம் எழுதினால்தான் தூது அனுப்புவோம் என்றது கொரியா. தீவை ஆண்ட சோ குடும்பம் அந்தக் கடிதத்தைத் தானே போலியாகத் தயாரித்து அனுப்பியது. கொரியாவிலிருந்து வந்த பதிலையும் வழியில் திருத்தியது. 1607-இல் முதல் தூதுக்குழு புறப்பட்டது. முதல் மூன்று குழுக்களின் பெயரே ‘பதில் சொல்லவும் சிறைப்பட்டவர்களை மீட்கவும் போகும் தூதர்’. முதல் பயணத்திலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊர் திரும்பினார்கள். போலிக் கடித விவகாரம் 1635-இல் அம்பலமானது. அப்போதைய ஆட்சியாளரான ஷோகன் இயெமித்சு, போட்டுக்கொடுத்த அதிகாரியைத் தொலைதூரத்துக்கு விரட்டிவிட்டு, சோ குடும்பத்தைத் தண்டிக்காமல் விட்டார். தூது நிற்பது யாருக்கும் நல்லதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அதன் பிறகு வந்த பெயர்தான் கொரிய மொழியில் தொங்சின்சா, ஜப்பானிய மொழியில் சுஷின்ஷி. ‘நம்பிக்கையைப் பரிமாறும் தூது’ என்று பொருள். 1607 முதல் 1811 வரை பன்னிரண்டு பயணங்கள். ஒவ்வொன்றிலும் 300 முதல் 500 பேர்: தூதர்கள், கவிஞர்கள், ஓவியர்கள், மருத்துவர்கள், இசைக்கலைஞர்கள், குதிரைமேல் நின்று வித்தை காட்டுபவர்கள். புசானில் கப்பலேறி, சுஷிமா, உள்நாட்டுக் கடல், ஒசாகா, கியோத்தோ வழியாக இன்றைய தோக்கியோவான எடோவரை போய்த் திரும்பப் பல மாதங்கள் ஆகும். சாலையோரம் நின்று பார்க்க வந்த கூட்டத்தை ஜப்பானிய ஓவியர்கள் பல மீட்டர் நீளச் சுருள்களில் வரைந்து வைத்தார்கள். தங்கிய இடங்களில் எல்லாம் உள்ளூர்க்காரர்கள் தாளையும் மையையும் எடுத்துக்கொண்டு வந்து, ‘எங்களுக்கு இரண்டு எழுத்து எழுதிக் கொடுங்கள்’ என்று நின்றார்கள். அந்தக் காலத்துக் கையெழுத்து வேட்டை. பேச்சுமொழி தெரியாதவர்கள் சீன எழுத்தில் எழுதிக் காட்டி இரவெல்லாம் உரையாடினார்கள்.

ஒரு கண்காட்சியே நடந்து போனதுபோல இருந்த இந்தப் பயணங்கள் வழியெங்கும் எதையாவது விட்டுச்சென்றன. உஷிமாடோ துறைமுகத்தில் இரண்டு சிறுவர்கள் ஆடும் ‘கராகோ’ நடனம் தூதுக்குழுவிடமிருந்து வந்ததாக நம்பப்படுகிறது. தொமோனோட்சு ஊரின் ஒரு கோயில் மாடத்திலிருந்து கடலைப் பார்த்து வியந்த கொரிய அதிகாரி, ‘ஜப்பானிலேயே சிறந்த காட்சி’ என்று 1711-இல் எழுதிக் கொடுத்தார். அந்த எழுத்து இன்னும் அங்கே இருக்கிறது. எதிர்த்திசையிலும் ஒன்று வந்தது. 1763-இல் போன தூதர் ஜோ ஓம், சுஷிமாவில் மக்கள் ஒரு கிழங்கைத் தின்பதைப் பார்த்தார். விதைக் கிழங்கை வாங்கிப் புசானுக்கு அனுப்பினார். சர்க்கரைவள்ளி. பஞ்சகாலத்தில் பெற்றோரைக் காப்பாற்றும் கிழங்கு என்பதால் தீவுக்காரர்கள் அதை ‘கோகோ இமோ’, அதாவது ‘பெற்றோர் பேணும் கிழங்கு’ என்றார்கள். கொரியர்கள் குளிர்காலத்தில் சுட்டுத் தின்னும் ‘கொகுமா’வின் பெயர் அதிலிருந்து வந்ததே.

எல்லாம் விருந்தும் கவிதையுமாக இருந்துவிடவில்லை. 1719-இல் வந்த குழுவுக்குக் கியோத்தோவில், ஹிதெயோஷி கட்டிய கோயிலில் விருந்து ஏற்பாடானது. பக்கத்திலேயே அந்தக் காது மேடு. எங்கள் நாட்டைச் சூறையாடியவன் கட்டிய இடத்தில் கை நனைக்க மாட்டோம் என்று கொரியர்கள் மறுத்தார்கள். சுஷிமாவின் அறிஞர் அமெனோமொரி ஹோஷு கொரிய மொழி கற்று அதற்குப் பாடநூலே எழுதியவர், குழுவுக்கு வழித்துணை. அவரே கோபத்தில் கத்தினார் என்று கொரிய எழுத்தர் ஷின் யூ-ஹான் தன் பயண நூலில் எழுதிவைத்திருக்கிறார். பிரியும்போது ஹோஷு கண்ணீர்விட்டதையும் அதே நூல் சொல்கிறது. ஒன்பது ஆண்டு கழித்து, 1728-இல், ஹோஷு தன் தீவின் ஆட்சியாளருக்கு எழுதிய ஆலோசனை நூலில் அந்தக் காது மேட்டுக்குத் திரும்பி வருகிறார். அதைத் தூதர்களுக்குக் காட்ட நினைப்பது நம் கொடுமையை நாமே வெளிச்சம் போடுவதாகும் என்பது அவர் முடிவு. அண்டை வீட்டாரிடம் ஏமாற்றாமல், சண்டை போடாமல், உண்மையோடு பழக வேண்டும் என்று அதே நூலில் எழுதினார். 1990-இல் தோக்கியோவில் ஜப்பானியப் பேரரசர் அளித்த விருந்தில் தென் கொரிய அதிபர் ரோ தே-வூ நன்றியோடு எடுத்துச்சொன்ன பெயர் இந்த ஹோஷுவினுடையது.

மறந்ததைத் தேடியவர்

இவ்வளவு பெரிய நிகழ்வை இருபதாம் நூற்றாண்டு மறந்துபோனது. 1910-இல் கொரியாவைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்த ஜப்பானுக்கு, ஒரு காலத்தில் கொரியக் கவிஞர்களிடம் தாளை நீட்டி நின்ற நினைவு சங்கடமாக இருந்தது. விடுதலைக்குப் பிறகு கொரியாவுக்கும், அடிமைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகள் மறைத்ததற்கு அப்பால் பார்க்க மனமில்லை.

தோண்டி எடுத்தவர் ஷின் கி-சு என்ற தனி மனிதர். கொரியப் பெற்றோருக்கு ஜப்பானில் பிறந்தவர். அங்கே கொரியர் என்று இளக்காரமாகப் பார்க்கப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். பழம்பொருள் கடைகள், கோயில்கள், செல்வந்தர் வீடுகள் என்று தேடித் தேடி, தூதுக்குழு ஊர்வலத்தின் ஓவியச் சுருள்களையும் மடிப்புத் திரைகளையும் கையெழுத்துகளையும் சேர்த்தார். 1979-இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரையிட்டார். அதைப் பார்த்த சுஷிமா வணிகர் ஒருவர், எங்கள் தீவின் கதையை நாங்களே மறந்துவிட்டோமே என்று கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, 1980-இல் உள்ளூர்த் திருவிழாவில் தூதுக்குழு ஊர்வலத்தை மறுபடி நடத்தினார். ஷின் கி-சுவின் சேகரிப்பு இப்போது ஒசாகா வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அங்கிருந்து அது பற்றிப் பரவியது. வழித்தடத்து ஊர்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் பரண்களைத் திறந்தன. ஹிரோஷிமா மாநிலத்தின் ஷிமோகமகாரி தீவில், தூதர்களுக்குப் படைத்த விருந்தை அப்படியே மாதிரிகளாகச் செய்து காட்டும் காட்சிக்கூடம் உண்டு. மீன், கோழி, பழம், பணியாரம் என்று தட்டுத் தட்டாக. ஒரு சின்னத் தீவு தன் சக்திக்கு மீறி எவ்வளவு செலவழித்திருக்கிறது என்பது அந்தத் தட்டுகளைப் பார்த்தாலே தெரியும். புசானில் 2011-இல் தூதுக்குழு வரலாற்றுக் கூடம் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் புசானில் ஒரு ஊர்வலம், சுஷிமாவில் ஒரு ஊர்வலம்; இரு கரைக் கலைஞர்களும் இரண்டிலும் ஆடுவார்கள்.

சிலைத் திருட்டு இந்த உறவைத்தான் முதலில் தாக்கியது. திருட்டுக்கு அடுத்த ஆண்டு, 2013-இல், சுஷிமா மக்கள் ஊர்வலத்தை ரத்து செய்தார்கள். திருவிழாப் பெயரில் இருந்த ‘அரிராங்’ என்ற கொரியச் சொல்லையும் எடுத்துவிட்டார்கள். ஊர்வலம் 2014-இல் திரும்ப வந்தது. திருவிழாவோ புதிய பெயரிலேயே தொடர்ந்தது.

ஒரு சாய்கோடு

மனத்தாங்கல் ஆறாத அந்த ஆண்டுகளில்தான் மிகக் கடினமான வேலையும் நடந்தது. தூதுக்குழு ஆவணங்களை யுனெஸ்கோவின் ‘உலக நினைவகம்’ பட்டியலில் இரு நாடுகளும் சேர்ந்து பதிவுசெய்வது என்று புசான் பண்பாட்டு அறக்கட்டளையும், ஜப்பானில் வழித்தடத்து ஊர்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பும் முடிவெடுத்தன. அரசுகள் இதில் இல்லை. இரு தரப்பு அறிஞர்களும் உட்கார்ந்து எந்த ஆவணம் சேரும், எது சேராது என்று பட்டியல் போட்டார்கள். 2017 அக்டோபரில் பதிவு கிடைத்தது: மொத்தம் 111 வகையில் 333 உருப்படிகள். கொரியாவில் இருப்பவை 63 வகை, ஜப்பானில் இருப்பவை 48 வகை.

பதிவின் தலைப்பைப் பார்க்க வேண்டும். ‘ஜோசன் தொங்சின்சா’ என்று கொரிய உச்சரிப்பு, ஒரு சாய்கோடு, ‘சோசென் சுஷின்ஷி’ என்று ஜப்பானிய உச்சரிப்பு. இரண்டும் ஒரே சீன எழுத்துகள்தாம். எந்த உச்சரிப்பை விட்டாலும் ஒரு கரை கோபித்துக்கொள்ளும் என்பதால் இரண்டும் இடம்பெற்றன. சேர்ந்து எழுதிய விளக்க அட்டை என்பது நடைமுறையில் இப்படித்தான் இருக்கும்: அழகாக இராது, நீளமாக இருக்கும், ஆனால் இரண்டு ஊரிலும் அதே அட்டையை மாற்றாமல் மாட்டலாம். போர்க்காலத்தில் ஜப்பானிய ராணுவம் பாலியல் அடிமைகளாக்கிய பெண்கள் குறித்த ஆவணங்களும் அதே சுற்றில் யுனெஸ்கோவிடம் வந்திருந்தன. ஜப்பானிய அரசு கடுமையாக எதிர்த்தது, முடிவு தள்ளிவைக்கப்பட்டது. ஒரே அவையில் ஒரு வரலாறு கதவைத் திறந்து உள்ளே போனது. இன்னொன்று வாசலில் நின்றது. தூதுக்குழுவைக் கொண்டாடும் எவரும் இந்த இரண்டாவது உண்மையை விழுங்கிவிட முடியாது.

எதிரெதிரே இரண்டு சிலைகள்

அரசுகளே நடத்தினாலும் நல்ல கண்காட்சி வர முடியும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. கொரியா–ஜப்பான் தூதரக உறவு 1965-இல் மீண்டதன் ஐம்பதாண்டு நிறைவை ஒட்டி, 2016-இல் இரண்டு சிலைகள் மட்டும் பங்கேற்ற கண்காட்சி நடந்தது. மே, ஜூன் மாதங்களில் சியோலில் மூன்று வாரம். ஜூன், ஜூலையில் தோக்கியோவில் மூன்று வாரம்.

ஒன்று, கொரியாவின் தேசியப் புதையல் 78. ஆறாம் நூற்றாண்டு, பொன்முலாம் பூசிய வெண்கலம். உயரம் முக்கால் மீட்டருக்குச் சற்று அதிகம். மற்றொன்று, நாராவுக்கு அருகே பிக்குணிகள் பராமரிக்கும் சூகுஜி கோயிலின் கற்பூர மரச் சிலை. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. காலத்தின் கைபட்டுக் கருங்கல்போல மின்னுவது. அது நாட்டைவிட்டு வெளியே வந்தது அதுவே முதல்முறை. இரண்டுக்கும் ஒரே இருக்கை: வலக்கால் இடத்தொடைமேல், வலக்கை விரல்கள் கன்னத்தைத் தொட்டும் தொடாமலும், இதழோரம் சிரிப்பின் சாயல். இந்தச் சிந்தனைக் கோலம் இந்தியத் துணைக்கண்டத்தின் காந்தாரப் பகுதியிலிருந்து சீனா வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. இருட்டாக்கிய கூடத்தில் எதிரெதிரே வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் இரண்டுக்கும் நடுவே நின்று மாறி மாறித் திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஒற்றுமையைச் சொல்ல வந்த கண்காட்சி வேற்றுமையையும் மறைக்கவில்லை. ஒன்று உலோகம், ஒன்று மரம். சூகுஜி பிக்குணிகளுக்கு அது கலைப்பொருளே அல்ல. அவர்கள் மரபில் அது நாள்தோறும் வழிபடும் கன்னோன், அதாவது அவலோகிதேசுவரர். கொரியச் சிலையோ எந்த ஊரில் கிடைத்தது என்ற விவரமே தொலைந்து, காலனியாட்சிக் காலத்தில் அருங்காட்சியகத்துக்குள் வந்த ஒன்று. ஒரு சிலைக்கு இன்னும் வீடு இருக்கிறது, மற்றொன்றுக்கு இல்லை. ஒன்றும் சொல்லாமலே அந்தக் கூடம் நூறாண்டு வரலாற்றைச் சொல்லிவிட்டது.

காலியாக இருந்த பீடம்

வராத பொருளும் பேசும். 2018 டிசம்பரில் சியோல் தேசிய அருங்காட்சியகம், கொர்யோ அரசமரபு தொடங்கிய 1,100-ஆம் ஆண்டை ஒட்டிப் பெரிய கண்காட்சி ஒன்றைத் திறந்தது. அந்த மரபை நிறுவிய மன்னர் வாங் கொன்னின் வெண்கலச் சிலை வட கொரியாவில் இருக்கிறது. அவருடைய குருவான ஹுய்ராங் துறவியின் சிலை தென் கொரியாவின் ஹேஇன்சா கோயிலில். குருவையும் சீடரையும் பக்கத்தில் பக்கத்தில் அமர்த்த வேண்டும் என்று அருங்காட்சியகம் ஆசைப்பட்டது. இரு கொரியத் தலைவர்களும் கைகோத்துச் சிரித்த ஆண்டு அது. 2006-இல் ஒரு முறை அந்த மன்னர் சிலை சியோலுக்கு வந்தும் இருக்கிறது. இந்த முறை வரவில்லை. குரு வந்து அமர்ந்தார். பக்கத்து இடத்தைக் காலியாகவே விட்டார்கள், கண்காட்சி முடியும் 2019 மார்ச் வரை.

எதையாவது வைத்து அந்த இடத்தை நிரப்பியிருக்கலாம். மாதிரி ஒன்றையோ பெரிய படத்தையோ மாட்டியிருக்கலாம். செய்யவில்லை. அண்டை வீட்டாரோடு கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அந்த வெற்றிடம் அளந்து காட்டியது.

இதற்கு நேர்மாறான கண்காட்சிகளும் உண்டு. தலைவர்களின் முகத்தை நம்பி எழுபவை. வங்கதேசத்தின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, முஜிபுர் ரஹ்மானையும் காந்தியையும் இணைத்து ‘வங்கபந்து–பாபு’ மின்னணுக் கண்காட்சியை இந்தியாவும் வங்கதேசமும் தொடங்கின. 2020 டிசம்பரில் இரு பிரதமர்களும் காணொலியில் திறந்துவைத்தார்கள். 2021 மார்ச்சில் டாக்காவுக்கும் போனது. தொழில்நுட்பத்தில் குறையில்லை. ஆனால், 2024 ஆகஸ்ட் 5 அன்று டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தது. அருங்காட்சியகமாக இருந்த முஜிபின் வீட்டுக்கே தீ வைத்தார்கள். 2025 பிப்ரவரியில் அதை இடித்துத் தள்ளினார்கள். இரு நாட்டு மக்களின் உறவை ஆட்சியாளர்களின் உறவோடு ஒட்டிவைத்தால், ஒன்று பெயரும்போது மற்றதும் சேர்ந்து பெயர்கிறது. கொரியா–ஜப்பான் உறவு 2019 வணிகச் சண்டையில் சீர்கெட்டபோது சுஷிமாவுக்குப் போகும் கொரியப் பயணிகள் கூட்டம் வற்றியது. அதற்கு முந்தைய ஆண்டு மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போயிருந்தார்கள். அப்படியும் தூதுக்குழுச் சங்கங்கள் கலையவில்லை. அவற்றை நடத்துபவர்கள் எந்தப் பிரதமரையும் நம்பி வேலையைத் தொடங்கியவர்கள் இல்லை.

பழைய தூதுக்கப்பலின் அளவிலேயே 2018-இல் கொரியர்கள் ஒரு மரக்கப்பல் கட்டினார்கள். 2023-இல் அது சுஷிமாவுக்குப் போனது. 1811-க்குப் பிறகு அப்படியொரு கப்பல் அங்கே கரை ஒதுங்கியது அதுவே முதல்முறை. 2025 மே மாதம் ஒசாகாவைத் தொட்டது. அதே மே மாதத்தில்தான், நூறு நாள் முடிந்து, பொன்முலாம் பூசிய அந்தச் சிலையும் புசானிலிருந்து சுஷிமாவுக்குக் கப்பலேறியது.

பாக் நீரிணையில்

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கதை ஏற்கெனவே கேட்டதுபோல இருக்கும். இருக்க வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் அனுப்பிய ஆரியச்சக்கரவர்த்தி என்ற படைத்தலைவன், இலங்கையின் யாப்பகூவையிலிருந்து புத்தரின் புனிதப் பல்லை எடுத்துவந்து மதுரையில் ஒப்படைத்தான். சிங்கள மன்னன் மூன்றாம் பராக்கிரமபாகு படை திரட்டவில்லை. பாண்டியனிடம் நேரில் வந்து, நாள்தோறும் பேசிப் பழகி, பல்லைப் பெற்றுக்கொண்டு போனான். இதைச் சொல்வது சூளவம்சம். புசொக்சா வழக்குக்கு எழுநூறு ஆண்டு முன்பே நம் நீரிணையில் முடிந்த வழக்கு இது. தமிழ்நாட்டில் எத்தனை பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும்?

காட்டுவதற்குப் பொருளா இல்லை? நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த சுமார் 350 புத்த வெண்கலச் சிலைகளில் கணிசமானவை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்த நடராசர்களும் அம்மன்களும் இலங்கை அருங்காட்சியகங்களில் நிற்கிறார்கள். புனிதப் பல் இருந்த கோயிலைக் காப்பதாக வேளைக்காரப் படை தமிழில் வெட்டிவைத்த கல்வெட்டு பொலன்னறுவையிலேயே இருக்கிறது. காலியில் 1911-இல் கண்டெடுத்த பலகைக்கல் கொழும்பில். சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்த அந்தக் கல் 1409-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை. மூன்று மொழிக்காரர்களும் தங்கள் தங்கள் கடவுளின் பெயரை அதில் வாசித்துக்கொள்ளலாம்.

அட்டை எழுதுவதுதான் கடினம். மணிமுடியைக் கவர்ந்ததைச் சோழர் மெய்க்கீர்த்தி புகழ்கிறது. அதே படை ஈழமெங்கும் தாதுக் கருவறைகளை உடைத்துக் கொள்ளையிட்டது என்று சூளவம்சம் குமுறுகிறது. அண்மைக் காலப் போரின் ரணம் வேறு ஆறாமல் இருக்கிறது. இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ‘தொன்மையான உறவு’ என்று ஒரு சுவரொட்டி அடித்தால், யாழ்ப்பாணத்திலும் நம்ப மாட்டார்கள், அனுராதபுரத்திலும் நம்ப மாட்டார்கள்.

ஆகவே, எழும்பூரும் கொழும்பும் இந்தப் பல்லின் கதையிலிருந்து தொடங்கலாம். இதில் படையெடுப்பும் இருக்கிறது, பேச்சுவார்த்தையும் இருக்கிறது. ஒரு கரை தனியாகச் சொன்னால் பாதிதான் தேறும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே வாசகம். நாகப்பட்டினத்தில் திறந்து, யாழ்ப்பாணம், அனுராதபுரம், பொலன்னறுவை, காலி என்று ஊர் ஊராகத் தங்கிப் போகட்டும். தலைநகரங்களுக்குக் கடைசியில் வந்தால் போதும். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். பெட்டிகளில் எதை ஏற்றுவது, அட்டையில் என்ன எழுதுவது என்று இரு கரைக்காரர்களும் உட்கார்ந்து பேசத் தொடங்குவதுதான் பாக்கி.